துளி தீரும்வரை

என் சின்னக்குட்டிக்கு,

வேலையை விட்டுவிட்டு உன்னோடு வந்துவிடச் சொல்கிறாய். வரத்தான் நினைக்கிறேன்.

எஞ்சினுக்குள் பீய்ச்சும் டீசல் எப்படி எரிகிறதென்று பார்க்க, எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு துளியை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, பற்றவைத்துப் படமெடுப்போம். துளி எரியாது. அதிலிருந்து எழும் ஆவிதான் எரியும். தீ தள்ளி நின்றே துளியைத் தீர்த்துவிடும்.

உன் அப்பா உயிரோடு இருந்தபோது நாங்கள் எடுத்த படமொன்றை நேற்று ஓட்டினேன். தீ பிடித்ததும் பின்னாலிருந்த கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. "மூச்சு விடாதடி, அணைஞ்சிடும்" என்று என்னிடம் உதடசைக்கிறார். துளி தீர்ந்ததும் இருட்டு.

மெதுவாக ஓட்டினால் கொஞ்சம் நீள்கிறது. இன்று இன்னும் மெதுவாக ஓட்டினேன். வெறும் படம்தான், அணையாது என்று தெரியும். ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்கிறேன்.

உன் அம்மா