அம்மாவின் தூளும் அக்காவின் மருந்தும்

04.09.2006, திங்கள். மழை.

உலகத் தமிழர்களுக்கு ஒரு முக்கிய அறிவித்தல்: என் மேலுதட்டில் மூன்றாவது மீசை மயிர் இன்று காலை உத்தியோகபூர்வமாக முளைத்தது. விழா இல்லை. எல்லோரும் ஆஸ்பத்திரியில்.

அக்காவுக்கு ஒன்பதாம் மாதம். ஹெரோயினை விட்டு ஒரு வருடம். அதற்குப் பதில் தினமும் காலை மெத்தடோன் என்ற மாற்று மருந்து, தாதி பிர்கிட்டின் முன்னால் ஒரே மடக்கு.

அம்மா: "வயித்துப் பிள்ளைக்கு நஞ்சு. இண்டையோட நிப்பாட்டு."

டொக்டர் (அவர் பேசுவது அம்மாவுக்கு விளங்காது; மொழிபெயர்ப்பு: நான், சம்பளம் இல்லை): திடீரென நிறுத்தினால் பிள்ளைக்கு ஆபத்து. அக்காவும் பழையபடி ஊசிக்குப் போகலாம். போனால் பிள்ளையை வீட்டுக்குத் தரமாட்டார்கள்.

அம்மா என்னை முறைத்தார். மருந்தைக் கண்டுபிடித்ததே நான் போல.

09.09, சனி.

மருமகன்! கொஞ்சம் சின்னன். நடுக்கம், கீச்சுக் குரலில் ஓயாத அழுகை. எதிர்பார்த்ததுதான், மாறிவிடும் என்கிறார் டொக்டர். தொட்டில் அக்காவின் கட்டிலோடு ஒட்டி. வெளிச்சம் குறைவு. கதவில் 'சத்தம் வேண்டாம்'.

அம்மா: "பாத்தியே? உந்த மருந்தாலதான்."

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "நாளைக்கு மருந்து குடிக்க மாட்டன்."

நான்: "மருமகனை என்னட்டத் தாங்கோ. மாமன்ர கையில அழவே மாட்டான்."

பிர்கிட்: "முதலில் கை கழுவு."

12.09, செவ்வாய். வெயில்.

ஞாயிறு அக்கா மருந்தைத் தள்ளிவிட்டாளாம். பிர்கிட் ஏசவில்லை. அவள் குடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாராம்.

இன்று அம்மா பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறியோடு வந்தார். போதாதென்று சரக்குத்தூளும். சின்னப் பிளாஸ்டிக் பை, முடிச்சு, மண்ணிறத் தூள்: அசல் ஹெரோயின் பொட்டலம் போல. எங்கள் அக்காவின் மேசையில்!

பிர்கிட் வந்தார். பார்த்தார். அக்காவின் முகத்தில் இரத்தம் இல்லை.

"என்ன இது?"

"மல்லி, மிளகு, மஞ்சள்." விரலில் தொட்டு நக்கிக் காட்டினேன். நாலு தும்மல்.

பிர்கிட் தூளை மணந்து பார்த்தார். கரண்டி கேட்டார். கறியை வாயில் வைத்தார். கண்ணில் நீர். "நன்றாக இருக்கிறது. அவள் சாப்பிடட்டும்." தூளைச் சோதிக்க ஒருவரையும் கூப்பிடவில்லை.

வெளியே வந்து அம்மா: "என்ர தூளை அவ நம்பினவ. அவவின்ர மருந்தை நானும் நம்பத்தானே வேணும்."

14.09, வியாழன்.

மருந்து நேரம் அம்மாவே தண்ணீரோடு நின்றார். "குடி பிள்ளை." குடித்தாள். மருமகனுக்கு நடுக்கம் குறைவு. இப்படியே போனால் தாயும் பிள்ளையும் சேர்ந்தே வீட்டுக்குப் போகலாம் என்றாராம் டொக்டர்.

பிர்கிட்டுக்கு என் நன்றி: அவருடைய சப்பாத்தில் தவளை ஸ்டிக்கர் ஒட்டினேன். கழற்றாமல் நடந்து திரிகிறார்.

பின்னேரம் மருமகனை என் நெஞ்சில் வைத்தார். சொன்னேன்தானே? அவன் அழவில்லை.

சத்தம் போட்டு அழுததற்காக வெளியே அனுப்பப்பட்டது மாமன்தான்.