மழை விழட்டும், அப்புறம் படிப்போம்

மதினி,

மண்வாசனை வருகிறது. எப்போதும்வென்றான் ஊர்ப்பக்கம் எங்கோ பெய்கிறது போல. நம் வீட்டுக்கு வாசனை மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. ஊரே இதை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டு நிற்க, நான் மட்டும் நம் நிலத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வழக்கம்போல மழைக்கு முன்னாலேயே, காய்ந்த புழுதியில் உளுந்தை விதைத்துவிட்டோம். பெய்தால் மண் குளிரப் பெய்ய வேண்டும். லேசாகத் தூறிவிட்டுப் போனால் விதை ஏமாந்து முளைத்து, முளைத்த கையோடு கருகிவிடும். போன வருஷம் அப்படித்தான் போனது.

அண்ணன் முடிவாகச் சொல்லிவிட்டார். "இந்த வெள்ளாமையும் போச்சுன்னா நிலத்த சோலார் கம்பெனிக்காரன்ட்ட குடுத்துருவேம்லே. எனக்குத் தெம்பில்ல." நீங்கள் போன பிறகு அவரோடு வாதாட எனக்கும் தெம்பில்லை.

போன ஆவணியில் விதைப்பு முடிந்ததும் அந்த நாவலை எங்கிருந்தோ வாங்கி வந்தீர்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நீங்களும் நானும் மாற்றி மாற்றிச் சத்தம்போட்டு வாசிப்போம். அதிலும் கரிசல், அதிலும் அண்ணன் தம்பி, அதிலும் புழுதி விதைப்பு. பஞ்சம் என்ற சொல்லை எழுதினவர் ஓரிடத்தில்கூடப் போடவில்லை. தம்பி சாப்பிட உட்கார்ந்தால் அண்ணன் எழுந்து போவதை எழுதியிருந்தார். தொழுவத்தில் மாடு இல்லாமல் கயிறு மட்டும் கிடப்பதை எழுதியிருந்தார். பெய்யாத மழை ஒரு வீட்டுச் சோற்றுத் தட்டுக்குள் வந்து இறங்குவதை அப்படி யாரும் எழுதி நான் வாசித்ததில்லை. பயந்துகொண்டேதான் வாசித்தோம். நடுவில் நிறுத்தி நம் அடுப்படியைத் திரும்பிப் பார்ப்பீர்கள். "நம்ம வீட்ட எட்டிப் பாத்து எழுதுன மாதிரில்லா இருக்கு!"

அந்தக் குடும்பத்துக்கு நிலம் தங்குமா, கைவிட்டுப் போகுமா என்பது கடைசி அத்தியாயத்தில் இருந்தது. நான் திறக்கப் போனேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டீர்கள்.

"மழ விழட்டும் கொழுந்தனாரே. அப்புறம் படிப்போம்."

அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கிறுக்கச்சி! மழ பெஞ்சா அச்சடிச்ச கதை மாறிருமாக்கும்?"

"மாறும். நாம போய்ப் பாக்காத வரைக்கும் எழுதுனவிய மனசு மாற நேரம் இருக்குல்லா."

தூறல்தான் விழுந்தது. அதை மழையென்று நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பங்குனியில் காய்ச்சல் என்று படுத்தீர்கள், எழுந்திருக்கவே இல்லை. நீங்கள் அடையாளத்துக்குச் செருகிய வேப்ப ஈர்க்கோடு புத்தகம் அரிசிப் பானைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. இன்று எடுத்து மடியில் வைத்திருக்கிறேன்.

கூரைத் தகரத்தில் ஒரு துளி விழுகிறது. பிறகு சத்தமில்லை. இன்னொன்று. பயமாக இருக்கிறது மதினி. அண்ணன் வாசலில் வானத்தைப் பார்த்தபடி நிற்கிறார்.

"ஏலே, அந்தக் கடைசிப் பாடத்தப் படிச்சிட்டியா?" திரும்பாமலே கேட்கிறார்.

"இல்லண்ணே."

"திறந்துராத. கொஞ்சம் பொறு."

திறக்கவில்லை மதினி. உங்கள் ஈர்க்கு வைத்த இடத்திலேயே இருக்கிறது.