தாலிக்கொடியும் இரண்டு லென்ஸும்

செப்டெம்பர் 20, சனி

பரீட்சித்துப் பார்க்கக் கடையிலிருந்து வாங்கிவந்த, கிட்டப் படமெடுக்கும் இரண்டு மக்ரோ லென்ஸ்களையும் இன்று ஒடென்சே நகரில் நான் படமெடுக்க ஒப்புக்கொண்ட கல்யாணத்துக்குக் கொண்டுபோனேன். ஒன்று சாதாரணம், மற்றது விலை கூடியது.

தாலிக்கொடித் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுற்றி வந்ததும் மாப்பிள்ளையின் தாய் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, நல்லாக் கிட்டவா எடுங்கோ. பின்னேரம் திரையில பெரிசாப் போடவேணும். சனம் பாக்கட்டும்.”

இரண்டாலும் எடுத்தேன். சாதாரண லென்ஸில் கொடி பளபளத்தது. விலை கூடியதில், ஒரு கண்ணியில் முலாம் உரிந்து செம்பு தெரிந்தது.

மணவறையிலிருந்தே மாப்பிள்ளை கமெராவை எட்டிப் பார்த்தான்.

“அண்ணை, இதைப் போட்டிடாதேங்கோ. அம்மா தந்த கொடியை வித்துத்தான் வீட்டுக்கு முன்காசு கட்டினனாங்கள். அவவுக்குத் தெரியாது.”

“பொம்பிளைக்கு?”

“யோசனையே அவளின்ரதான்.”

உருப்படப்போகிற குடும்பம்.

திரையில் சாதாரண லென்ஸின் படம்தான் போனது. தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பவுண் எண்டால் பவுண்தான்” என்றார். நானும் ஓமென்றேன்.

எந்த லென்ஸ் என்று மாதக்கணக்காகத் தடுமாறியது இன்றோடு முடிந்தது. திங்கட்கிழமை விலை கூடியதைத் திருப்பிக் கொடுக்கிறேன். என்ன குறை என்று கடைக்காரப் பெண் கேட்டால், குறை ஒன்றுமில்லை, எல்லாம் தெரிகிறது என்று சொல்வேன்.