பழைய இரும்புப் பாலம்

மருமகளுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை.

என் மகனின் முதல் வருஷத் திதிக்கு, ஆட்டத்திவசத்துக்கு, அமெரிக்கா வரும் என்னை எங்கெல்லாம் கூட்டிப்போவாய் என்று போனில் சொன்னாய். மிசிசிப்பிக் கரையில் நீராவிக் கப்பல் மியூசியம், மணிக்கூட்டுக் கோபுரம், பழைய ரயில் ஸ்டேஷன். லதீசன் இருந்தபோது இதையெல்லாம் எனக்குப் படம் படமாய் அனுப்பினவன். எல்லாப் படத்திலும் பின்னால் அந்த இரும்புப் பாலம் நிற்கும். "எங்கடை சின்ன ஊருக்கு அதுதான் பெருமை" என்பான்.

நீ அதை மட்டும் சொல்லவில்லை.

உன்னில் கோபமில்லை. இங்கே ஈஸ்ட் ஹாம் கோயிலில் சனம், "மகனுக்கு ஹார்ட் அட்டாக்காம், பாவம்" என்றால், நானும் "ஓம்" என்கிறேன். மாமா சொல்லித் தந்த பதில் அது. அவர் வரமாட்டார். "அந்த ஆத்தைப் பாக்க என்னாலை ஏலாது" என்றுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

மியூசியம் வேண்டாம், பிள்ளை. அவனுக்குப் பிடித்த பயத்தம்பணியாரம் சுட்டுக் கொண்டுவருகிறேன். என்னைப் பாலத்துக்குக் கூட்டிப்போ. அவன் கடைசியாய் நின்ற இடத்தைக் காட்டு.

ஒரு வருஷமாய் ஈஸ்ட் ஹாமில் ஹார்ட் அட்டாக்குக்குத்தான் அழுதேன். என் பிள்ளைக்கு இன்னும் அழவில்லை.

மாமி