நங்கையா பாடிய ஒப்பாரி

ஆவணி 9, வியாழன். புதுச்சத்திரம்.

நீங்கள் போய் மூன்றே நாளில் பேனாவை எடுத்தது தப்புதான், அப்பா. வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

இன்று உறவுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் கட்டி அழுதார்கள். அண்ணன் மனைவி நங்கையாதான் ஒப்பாரி எடுத்தார். நான் காலேஜுக்குப் புறப்பட்ட நாளைப் பாடினார்.

"பொட்டியத் தலையில சுமந்தீங்க,
ரயிலு மறையமுட்டும் நின்னீங்க..."

சேலம் ரயிலடியில் அன்று நாம் இருவர் மட்டும்தான் இருந்தோம். அதை நீங்கள் நங்கையாவிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

எல்லோரும் கதறினார்கள். என் மூளையோ, 'இது இயைபு' என்று குறித்துக்கொண்டு, அடுத்த அடியும் அப்படியே முடிகிறதா என்று காத்திருந்தது.

அத்தை என் முகத்தைப் பார்த்துவிட்டார். "பி.ஏ. படிச்ச புள்ளைக்கு அழுவறதுக்கும் பொஸ்தகம் வேணுமாட்ட இருக்குது."

"உடுங்க, அம்மிணிக்கு மனசு மரத்துப்போச்சுங்க" என்றார் நங்கையா. அவர் எனக்காகப் பரிந்து பேசியது இன்னும் எரிந்தது.

பாட்டு காதில் விழுந்து மூளைக்குப் போகும் வழியைப் பள்ளிப் பரீட்சையில் படம் போட்டு எழுதியவள் நான். எழுத்துக்கூட்டத் தெரியாத அவருக்கு அது கண்ணீராகிறது. நீங்கள் நின்றது எனக்காக, அழுதது அவர். பொறாமையாக இருக்கிறது.

நாளை அவரிடம் கேட்க வேண்டும். நங்கையா, யாரும் இல்லாதபோது அதை எனக்கு மட்டும் இன்னொரு தடவை பாடுங்க. நானும் அப்பாவுக்கு அழணும்.