நோஞ்சான் செடிக்குக் குச்சி கேட்டவனுக்கு

தம்பிக்கு அம்மா எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். நீ சௌக்கியம் என்று உன் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது, அதனால் கேட்கவில்லை.

உங்கப்பா செத்து மூன்று மாதம் கழித்து வந்த முதல் கடிதம், இரண்டு பக்கம், அவரைப் பற்றி ஒரே வரி, மீதியெல்லாம் நம்ம தோட்டத்துப் பெர்ரிப் பழம். சில வார்த்தை எனக்குப் படிக்க ஓடவில்லை, பக்கத்து வீட்டு டீச்சரம்மாதான் படித்தாள், பாதியில் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள், மிச்சத்தையும் படிம்மா என்றேன். போன வருஷம் அப்பா பழைய ரகம் ஒன்று, புது ரகம் ஒன்று என்று காயவைத்து அனுப்பின இரண்டு டப்பா பழத்தையும் இப்போதுதான் உங்க ஆராய்ச்சிக்கூடத்து மெஷினில் போட்டீர்களாம், வெயிலில் நின்று தண்ணீர் குறைவாகக் குடித்த பழைய ரகத்தில்தான் சத்து அதிகமாம், வலைக்குள் வளர்ந்த பெரிய பழத்தில் பாதிகூட இல்லையாம், அதனால் இருபது குச்சி வெட்டி ஈரத்துணி சுற்றி அனுப்பணுமாம். ஏண்டா, சின்னப் பழத்துக்குத் தோல் அதிகம், தோலில்தான் நிறம், சத்து எல்லாம் இருக்கு என்று அவர் போனில் சொன்னபோது உன் காது எங்கே போயிருந்தது? அந்த நோஞ்சான் செடியைப் பிடுங்கிப் போடுங்கப்பா என்றாய். நீகூட நோஞ்சானாகத்தான் பிறந்தாய், உன்னை யாரும் பிடுங்கிப் போடவில்லை. படித்த பிள்ளை சொல்கிறான் என்று ஒரு வரிசை தவிர எல்லாவற்றையும் அவர் கையாலேயே பிடுங்கினார், புது ரகம் வைத்தார், வலை கட்டினார், தண்ணீரைக் கொட்டினார், பழம் கோலிக்குண்டு மாதிரி வந்தது, சாறு ஆலைக்காரன் நிறமே இல்லை என்று திருப்பிவிட்டான். உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை மனுஷன், அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. கடைசியாக அவரைக் குளிப்பாட்டினபோது நகக்கண்ணில் அந்தப் பழத்தோல் கறை, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. உன் மெஷின் எண்ணுகிறதே, அது இதுதான்.

நீ அனுப்பின சத்து மாத்திரையும் வந்தது, பெர்ரியில் செய்ததாம், பெர்ரிக்காரிக்கே. டப்பாவைத் திறக்கவில்லை, பின்கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அண்டக் கொடுத்திருக்கிறேன்.

குச்சி அனுப்ப மாட்டேன். ஆனால் ஒன்றை மறைத்தால் அவருக்குத் துரோகம். படுக்கையில் விழுவதற்கு முதல்நாள் அந்த ஒரு வரிசையைக் காட்டி, "என்னைக்காவது கேப்பான், குடுத்துடு" என்றார். குடுக்கத்தான் சொன்னார், அனுப்பச் சொல்லவில்லை. வந்து நீயே வெட்டிக்கொண்டு போ. மொட்டு விடுவதற்குள் வா, விட்டபிறகு வெட்டினால் வேர் பிடிக்காது, அதுகூட உனக்குத் தெரியுமோ என்னமோ.

வேளைக்குச் சாப்பிடு. நோய் நொடி இல்லாமல் இரு, இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன், ஆனாலும் பலிக்கட்டும். ஞாபகம் வைத்துக்கொள், சாவியை இப்போது வெளியே வைப்பதில்லை, கதவைத் தட்டணும். தட்டினால் திறப்பேன். பேசுவேனா என்று இப்போது சொல்ல முடியாது.

உன்னைப் பெற்றவள்