டாக்டர் சொன்னதும் நான் சிரித்ததும்

ஆகஸ்ட் 10, ஞாயிறு
வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். அந்த டாக்டரம்மாவைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப்போகிறேன். ரத்த அழுத்தம் என்று பிப்ரவரியில் என் மனைவியின் கருத்தடை மாத்திரையை நிறுத்தினார். உடனே கரு நிற்கலாம் என்று எச்சரிக்கவில்லை. நாற்பத்துமூன்று வயதில் நின்றது. ஐந்தாம் மாதம் அழுத்தம் ஏறி, வலிப்பு கண்டு, குழந்தை போய்விட்டது. மனைவி பிழைத்தாள். மூன்று வாரமாகிறது.

ஆகஸ்ட் 12
மச்சினி வந்திருந்தாள். என்னை என்றைக்கு மதித்தாள்!
"அக்கா ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறா. நீங்க என்ன பண்றீங்க மாமா?"
"புகார் எழுதறேன்."
"எழுதுங்க, எழுதுங்க. ஊரையே திருத்திடுங்க."

ஆகஸ்ட் 13
"பாக்கறீங்களா சார்?" என்று அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ், குழந்தையைச் சுற்றியிருந்த துணியை விலக்கப் போனாள். வேண்டாம் என்றேன். பார்த்திருந்தால் ஒரே ஒரு முகம். இப்போது பஸ்ஸில் தூங்கும் குழந்தையெல்லாம் அதுவாகவே இருக்கிறது.

ஆகஸ்ட் 16
புகாரை மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.
"எச்சரிக்கலையா? சொன்னாங்களே. இன்னைலேருந்தே வேற பாதுகாப்பு வேணும்னு. உங்ககிட்ட வந்து சொன்னேன். சிரிச்சீங்க."
"நானா?"
"பதினோரு வருஷம் போட்ட மருந்து மூணு மாசமாவது உடம்புல நிக்கும்டின்னு பேப்பர்ல கோடு போட்டுக் காட்டினீங்க. கெமிஸ்ட்ரி வாத்தியார் சொல்றாரேன்னு நம்பினேன். நாள் தள்ளினப்பவும், மாத்திரைய விட்டா அப்படித்தான் இருக்கும்னீங்க. நாலாம் மாசம்தான் ஆஸ்பத்திரிக்கே போனோம்."
அவள் குரலில் கோபமே இல்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஆகஸ்ட் 17
மறந்தா போயிற்று? இல்லை. அந்தக் கோடுகூட நினைவிருக்கிறது — மெல்ல மெல்ல இறங்கும் அழகான வளைகோடு. டாக்டர் சொல்லவில்லை என்று கல்லூரியில் சொன்னேன், மச்சினியிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜமாகிவிட்டது. படித்த படிப்பு இதற்குத்தானா உதவியது?

ஆகஸ்ட் 18
தூக்கத்தில் அவள் கை வயிற்றைத் தேடுகிறது.

ஆகஸ்ட் 19
புகாரைக் கிழித்தேன். வேறு எழுதினேன்: "மாத்திரையை நிறுத்திய சில நாட்களிலேயே கரு நிற்கலாம். பழைய மருந்து உடம்பில் தங்கிக் காக்கும் என்று எவ்வளவு படித்தவன் சொன்னாலும் நம்பாதீர்கள். டாக்டர் சரியாகத்தான் சொன்னார். கணவன்தான் சிரித்தான்."
வாங்கிப் படித்தாள். தாளைத் திருப்பிப் பார்த்தாள்.
"பேர் போடலியா?"
"கல்லூரியில நாலு பேர்..."
"டாக்டர் மேல எழுதினதுல மட்டும் பேரு, பட்டம் எல்லாம் இருந்துச்சே."
பேனா கையில்தான் இருந்தது. மூடியைத் திறக்க முடியவில்லை.
ஆனாலும் நாளைக் காலை தபாலில் போட்டுவிடுவேன். பெயரில்லாமல்தான்.